பறவைக்கு வந்த காய்ச்சலா, பறவையால் வந்த காய்ச்சலா? பாலக்காடு, இடுக்கி எல்லையில் ஒரு தொகைச்சொல்லின் வரலாறு

2020 டிசம்பர் இறுதியில் குட்டநாட்டு வயல்களில் வாத்துகள் கூட்டம் கூட்டமாக மடியத் தொடங்கின. போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய்களுக்கான தேசிய நிறுவனம் மாதிரிகளைச் சோதித்து, எச்5என்8 வகைப் பறவைக் காய்ச்சல் வைரஸ் என்று 2021 ஜனவரி முதல் வாரத்தில் உறுதிசெய்தது. கேரள அரசு இதனை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நோய் கண்ட இடங்கள் ஆலப்புழை, கோட்டயம் ஆகிய இரு மாவட்டங்களுக்குள் அடங்கியவை. பாலக்காடோ இடுக்கியோ அந்தப் பட்டியலில் இல்லை. ஆயினும் தமிழகத்தில் அச்சம் முதலில் கண்ணுக்குத் தெரிந்த இடங்கள் அவ்விரு மாவட்டங்களின் எல்லைகளே. வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் ஒருபுறமும், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மறுபுறமுமாகத் தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறையினர் முகாமிட்டனர். கேரளத்திலிருந்து வந்த வாகனங்களின் சக்கரங்களுக்குக் கிருமிநாசினி தெளிக்கப்பட்டது. கோழி, வாத்து, முட்டை, தீவனம் ஏற்றிவந்த வண்டிகள் திருப்பி அனுப்பப்பட்டன.

2014 நவம்பரில் கேரளத்தில் முதன்முறையாக நோய் வந்தபோதும், பின்னர் 2016, 2024 ஆகிய ஆண்டுகளிலும் நிகழ்ந்தவை இதே வரிசையில் அமைந்தவைதாம். கேரளத்தில் இத்தனை முறை நோய் பரவியும், அங்கு மனிதர் எவருக்கும் அது தொற்றியதாக உறுதிசெய்யப்படவில்லை. அப்படியானால் எல்லையில் வாழும் மக்கள் எதற்கு அஞ்சினர்? இதற்கு விடை காண, நோயின் பெயரிலிருந்து தொடங்குவது பயன் தரும்.

1. தொகையும் விரியும்

தமிழில் ‘பறவைக் காய்ச்சல்’, மலையாளத்தில் ‘பக்ஷிப்பனி’. இரண்டும் தொகைச்சொற்கள். தமிழில் பனி என்பது குளிர். மலையாளத்தில் பனி என்பது காய்ச்சல். சித்தூரிலும் தேவிகுளத்திலும் இரு மொழிகளோடும் வாழ்பவர்களுக்கு இதில் குழப்பம் எதுவும் இல்லை. குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது. அது இரு மொழிகளுக்கும் பொதுவானது.

தொகைச்சொல்லில் இரு சொற்களுக்கு இடையிலான உறவைக் காட்டும் உருபு மறைந்து நிற்கும். அதனை விரித்துப் பொருள்கொள்வது கேட்பவரின் பொறுப்பு. ஒரு தொகை இரண்டு முதல் ஏழு வரையிலான பொருள்களுக்கு இடம் தரலாம் என்று நன்னூல் கூறுகிறது. நோய்ப்பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இதன் விளைவு புரியும். கேரளத்தில் மழைக்காலந்தோறும் பேசப்படும் ‘எலிப்பனி’யில் எலி நோயைச் சுமந்துவரும் விலங்கு, நோயாளி மனிதர். 2009-இல் உலகெங்கும் பரவிய ‘பன்றிக் காய்ச்சல்’ வைரசின் மூதாதை பன்றியிடம் இருந்தது. ஆனால் அது பரவியது மனிதரிடமிருந்து மனிதருக்கு. 2022 மே மாதத்தில் கேரளக் குழந்தைகளிடம் காணப்பட்ட ‘தக்காளிப்பனி’யில் இருப்பது வெறும் உவமை, சிவந்த கொப்புளங்கள் தக்காளியை ஒத்திருந்தன. ‘பறவைக் காய்ச்சலி’லோ பறவையே நோயாளி.

நான்கு பெயர்களும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. நான்கிலும் மறைந்திருக்கும் உறவு வேறு. அச்சு ஒன்றாக இருப்பதால் ஒன்றன் பொருள் மற்றொன்றில் எளிதாக ஏறிவிடுகிறது. தக்காளிக் காய்ச்சல் செய்தி தமிழகத்துக்கு வந்தபோது, தக்காளிப் பழத்துக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று சுகாதாரத் துறை விளக்கம் சொல்ல நேர்ந்தது. அதுபோலவே ‘பறவைக் காய்ச்ச’லையும் இருவிதமாக விரிக்கலாம். ‘பறவைக்கு வரும் காய்ச்சல்’ என்பது நான்காம் வேற்றுமை விரி. ‘பறவையால் வரும் காய்ச்சல்’ என்பது மூன்றாம் வேற்றுமை விரி. முதல் விரி உழவரின் இழப்பைப் பேசுகிறது. இரண்டாவது உண்பவரின் உயிரைப் பேசுகிறது. எல்லைப் பகுதியில் யார் எந்த விரியைக் கொண்டனர் என்பதே இந்நோய் குறித்த பொதுமக்கள் எதிர்வினையின் வரலாறு.

நாட்டுக்கோழி வளர்ப்போர் கோழிநோய்களை இவ்வாறு பெயரிடுவதில்லை. தமிழகத்துக் கால்நடை மருத்துவர்கள் ‘இராணிக்கேட்’ என்று குறிக்கும் நோயை ஊரார் ‘வெள்ளைக் கழிச்சல்’ என்பர். அது கண்ணால் கண்ட அறிகுறியின் பெயர். அதில் மனிதருக்கு இடமில்லை. எனவே அச்சமும் இல்லை. கோழி சோர்ந்து கழுத்தைத் தொங்கவிட்டால், அது சாகுமுன் அறுத்துக் குழம்பு வைத்துவிடுவது பல ஊர்களின் வழக்கம். இழப்பைக் குறைக்கும் ஏழை வீட்டுக் கணக்கு அது. வெள்ளைக் கழிச்சலுக்கு அந்தக் கணக்கு பெருங்கேடு செய்யவில்லை. எச்5என்1 வந்தபின் அதே கணக்கு ஆபத்தானதாயிற்று. வியட்நாம், கம்போடியா நாடுகளில் கண்டறியப்பட்ட மனிதத் தொற்றுகளில் பல, நோயுற்ற அல்லது இறந்த வீட்டுக்கோழிகளைக் கையாண்டதோடு தொடர்புடையவை.

2. எல்லைகள் இரண்டு

வாளையாறும் போடிமெட்டும் இன்று ஒரே மாநில எல்லையின் இரு வாயில்கள். வரலாற்றில் அவை ஒன்றல்ல. பாலக்காடு, மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாகாணத்தில் இருந்தது. கோயம்புத்தூரும் அதே மாகாணம். வாளையாறு மாவட்டங்களைப் பிரித்ததே அன்றி அரசுகளைப் பிரிக்கவில்லை. 1956 நவம்பர் 1-இல் கேரளம் உருவானபோதுதான் அது மாநில எல்லையாயிற்று. சித்தூர் மட்டும் கொச்சி சமஸ்தானத்துக்கு உரியதாக இருந்தது. இடுக்கியின் நிலை வேறு. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூர் மன்னராட்சியின் கீழ் இருந்தவை. மலையிறங்கினால் சென்னை மாகாணம். அங்கு எல்லை என்பது பழைய செய்தி. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் மிகுந்த அப்பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கவேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியதும், அக்கோரிக்கை நிறைவேறாததும் அறியப்பட்டவை. இடுக்கி தனி மாவட்டமானது 1972-இல்.

நோயின் பெயரால் மனிதரின் வழியை மறிக்கும் நடைமுறை இவ்விரு எல்லைகளையும்விடப் பரந்த வரலாறு உடையது. 1896-இல் பம்பாயில் பிளேக் தோன்றியதும் 1897-இல் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. சென்னை மாகாணம் பயணிகளுக்குப் ‘பிளேக் பாஸ்போர்ட்’ வழங்கி, அவர்கள் சென்றடைந்த ஊரிலும் கண்காணித்தது. அந்தச் சட்டமே 2020-இல் கொரோனாவுக்கும் கைக்கொள்ளப்பட்டது. எனவே சோதனைச் சாவடியில் மருந்து தெளிப்பானைக் காணும் எல்லைவாசிக்கு அது கால்நடைத் துறையின் தனிச் செயலாக மட்டும் தோன்றுவதில்லை. இடுக்கி எல்லையில் வேறொரு நினைவும் சேர்கிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது குமுளிச் சாலை நாள்கணக்கில் அடைபட்டது. கம்பம், போடி, தேவாரம் பகுதிகளிலிருந்து ஜீப்புகளில் நாள்தோறும் உடும்பஞ்சோலை ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் கூலித் தொழிலாளருக்குச் சாவடி மூடுவது என்றால் அன்றைய கூலி போவது. காரணம் அணையா, வைரசா என்பது அவர்களுக்கு இரண்டாவது கேள்வி.

3. வாத்தின் வழியும் முட்டையின் வழியும்

குட்டநாட்டில் ‘சாரா’, ‘செம்பல்லி’ என இரு நாட்டு வாத்தினங்கள் உண்டு. இவற்றை வளர்ப்போர் அறுவடை முடிந்த வயல்களைத் தேடி மந்தையோடு இடம்பெயர்வர். சிந்திய நெல்லும் நத்தையும் பூச்சியுமே தீவனம். பாலக்காட்டின் அறுவடை வயல்கள் அந்த வழியில் ஒரு முக்கிய நிறுத்தம். சில மந்தைகள் தமிழகத்துக்குள்ளும் வரும். வயலுக்கு எருவும் மந்தைக்கு இரையும் கிடைக்கும் இந்தப் பழைய ஏற்பாட்டில், நோய்க்காலத்தில் முதலில் முறிவது நடமாட்டம். நோய் கண்ட இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பறவைகள் கொல்லப்படும். பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. 2021-இல் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாயும், அதற்குக் குறைந்த வயதுடையதற்கு 100 ரூபாயும், முட்டை ஒன்றுக்கு 5 ரூபாயும் இழப்பீடு என்று கேரள அரசு அறிவித்தது. நோய் பெரும்பாலும் வலசைப் பறவைகள் வரும் குளிர்காலத்தில் தோன்றுகிறது. அதுவே கிறிஸ்துமஸ் சந்தைக்காக வாத்துகளைக் கொழுக்கவைக்கும் காலம். வளர்ப்போருக்கு இது ஐயமின்றிப் ‘பறவைக்கு வந்த காய்ச்சல்’.

முட்டையும் இறைச்சிக்கோழியும் செல்வது எதிர்த்திசையில். நாமக்கல்லின் முட்டையும், பல்லடம், பொள்ளாச்சி வட்டாரக் கறிக்கோழியும் கேரளத்துக்குப் போகின்றன. ஆகவே நோய்க்காலத்தில் வாளையாற்றில் மருந்து தெளிக்கப்பட்ட கோழிவண்டிகளில், சரக்கை இறக்கிவிட்டு வெறும் கூண்டும் அட்டையுமாகத் திரும்பிய தமிழக வண்டிகளும் உண்டு. காப்பாற்றப்பட்டவை தமிழகப் பண்ணைகளே. அந்தக் காப்பு அவசியமானது. சக்கரத்திலும் கூண்டிலும் ஒட்டிய எச்சத்தின் வழியே பண்ணைக்குப் பண்ணை நோய் செல்லக்கூடும். ஆனால் சாலையோரம் நின்று பார்த்தவருக்கும், தொலைக்காட்சியில் கண்டவருக்கும் அக்காட்சி வேறு பொருள் தந்தது. முகக்கவசமணிந்த ஊழியர், புகையாய் எழும் மருந்து, அயல்மாநில எண் தாங்கிய வண்டி. பறவையைக் காக்கும் ஏற்பாடு மனிதரைக் காக்கும் ஏற்பாடாகவே வாசிக்கப்பட்டது. நான்காம் வேற்றுமைக்காக எழுந்த சாவடி மூன்றாம் வேற்றுமையைப் பரப்பியது.

இதன் சுமை வந்து விழுந்தது கோழிக்கடைகளின் மீது. நோய் இல்லாத ஊரிலும் விற்பனை சரிந்தது. பண்ணைக் கொள்முதல் விலை இறங்கியது. கேரளத்திலிருந்து கோழிக்கழிவை ஏற்றிவந்து பொள்ளாச்சி, தேனி வட்டாரங்களில் கொட்டும் வண்டிகள் பிடிபடுவது எல்லையோர ஊர்களின் நெடுநாள் குறை. காய்ச்சல் காலத்தில் அந்தக் குறைக்குப் புதிய வலு கிடைத்தது. இம்முறை அச்சத்தில் நியாயமும் இருந்தது. கழிவு கொட்டப்படுவது சக்கரத்துக்கு மருந்தடிப்பதால் நீங்கும் இடர் அன்று.

4. 2020 மார்ச்சும் கோழியும்

இரு விரிகளும் ஒன்றோடொன்று மோதிய காலம் 2020 மார்ச். அம்மாதத் தொடக்கத்தில் கோழிக்கோடு மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. சில நாள்களில் மலப்புறத்திலும். அதே வாரங்களில் கொரோனா அச்சம் பெருகிக்கொண்டிருந்தது. கோழியால் கொரோனா பரவும் என்ற வதந்தி நாடு முழுவதும் கைப்பேசி வழியே பரவி, கோழி விலையை வீழ்த்தியது. கொரோனாவுக்கும் கோழிக்கும் தொடர்பில்லை என்று மத்திய கால்நடை பராமரிப்புத் துறை விளக்கம் தந்தது. தெலங்கானாவில் அமைச்சர்களே பொதுமேடையில் கோழிக்கறி உண்டு காட்டினர்.

மேடையில் உண்ணும் இச்சடங்கு, மக்களின் ஐயத்தை அரசு எவ்வாறு புரிந்துகொண்டது என்பதைக் காட்டுகிறது. நன்கு வெந்த இறைச்சியால் பறவைக் காய்ச்சல் பரவாது என்பது அறிவியலின் நிலைப்பாடு. ஆனால் சமைத்த கறி ஒருபோதும் கேள்வியின் மையத்தில் இல்லை. ஆபத்து இருப்பது சமையலுக்கு முன்: நோயுற்ற பறவையைப் பிடித்தல், அறுத்தல், இறகு பறித்தல், கூண்டு கழுவுதல். உண்பவரைச் சமாதானப்படுத்திய மேடை, அறுப்பவரிடம் எதையும் சொல்லவில்லை.

5. ‘பரவாது’ என்னும் வினைமுற்று

2021 ஜனவரியில் எச்5என்8 குறித்து இரு வகை வாக்கியங்கள் புழங்கின. ‘இது மனிதருக்குப் பரவாது’ என்பது ஒன்று. ‘இது மனிதருக்குப் பரவியதாக இதுவரை தெரியவில்லை’ என்பது மற்றொன்று. முதல் வாக்கியத்தின் வினைமுற்றில் காலம் காட்டும் இடைநிலை கிடையாது. ‘பரவாது’ என்றால் நேற்றும் இன்றும் நாளையும் இல்லை. இரண்டாவது வாக்கியம் காலத்தையும் அறிவின் எல்லையையும் தன்னுள் வைத்திருக்கிறது. மலையாளத்திலும் இவ்வேறுபாடு உண்டு: ‘பகரில்ல’ என்பதும் ‘பகர்ந்நிட்டில்ல’ என்பதும் ஒன்றல்ல. தமிழில் ‘பகர்தல்’ சொல்லுதல். மலையாளத்தில் ‘பகருக’ தொற்றுதல். எல்லையில் இரண்டும் சேர்ந்தே நிகழ்ந்தன.

அடுத்த மாதமே இந்த வேறுபாடு உரசிப் பார்க்கப்பட்டது. 2021 பிப்ரவரியில், ரஷ்யாவின் கோழிப்பண்ணை ஒன்றில் பணியாற்றிய ஏழு பேருக்கு எச்5என்8 தொற்றியிருந்ததாக அந்நாடு உலக சுகாதார நிறுவனத்திடம் தெரிவித்தது. அவர்கள் எவருக்கும் நோய் கடுமையாகவில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு அது பரவவும் இல்லை. ஆபத்தின் அளவு பெரிதாக மாறவில்லை. ஆனால் ‘பரவாது’ என்ற வாக்கியம் பொய்யாயிற்று. ‘இதுவரை தெரியவில்லை’ என்ற வாக்கியம் மெய்யாகவே நின்றது. அச்சத்தைத் தணிக்கும் வேகத்தில் முதல் வாக்கியத்தைத் தேர்ந்தவர்கள், அடுத்த முறை நம்பப்படும் வாய்ப்பைச் செலவிட்டார்கள்.

மக்களின் ஐயம் அடிப்படையற்றதும் அன்று. 1997-இல் ஹாங்காங்கில் எச்5என்1 வைரஸ் 18 பேருக்குத் தொற்றியது. அவர்களுள் 6 பேர் இறந்தனர். அந்நகரம் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளைச் சில நாள்களில் கொன்று தொற்றை நிறுத்தியது. 2003-க்குப் பின் உலகில் பதிவான எச்5என்1 மனிதத் தொற்றுகள் ஆயிரத்தை நெருங்குகின்றன. தொற்றியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர். இந்தியாவில் 2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் கோழிகளிடம் நோய் முதலில் உறுதியானது. 2021 ஜூலையில் தில்லியில் சிகிச்சை பெற்ற ஹரியானாச் சிறுவனின் இறப்பே எச்5என்1 தொற்றால் இந்தியாவில் நேர்ந்ததாகப் பதிவான முதல் மனித இறப்பு. 2025-இல் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்துக் குழந்தை ஒன்றும் இறந்தது. தொற்று அரிது, தொற்றினால் கடுமை மிகுதி. இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்வது கடினம். அதனால்தான் பொதுப்பேச்சு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது: ஒரு சாரார் ‘அரிது’ என்பதையும், மற்றொரு சாரார் ‘இறப்பு’ என்பதையும்.

6. கைபட்டவர்கள்

2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளில் எச்5என்1 கண்டறியப்பட்டது. அடுத்த ஓராண்டுக்குள் அந்நாட்டில் சுமார் எழுபது பேருக்குத் தொற்று உறுதியானது. பெரும்பாலோர் பால்பண்ணை, கோழிப்பண்ணைத் தொழிலாளர். ஹாங்காங், வியட்நாம், ரஷ்யா, அமெரிக்கா என எங்கு நோக்கினும், நோயுற்ற விலங்குக்கும் மனிதருக்கும் இடையில் நிற்பது உழைப்பவரின் கை. ‘பறவையால் வரும்’ என்ற விரி உண்மையாவது அவரிடத்தில்தான்.

எல்லைச் சாவடிகளின் ஏற்பாட்டில் அந்தக் கைக்கு இடமில்லை. பறவைக் காய்ச்சல் என்றால் கால்நடைத் துறை வந்து சக்கரத்தைக் கழுவும். 2022-இல் தக்காளிக் காய்ச்சலின்போதும், 2025 ஜூலையில் பாலக்காடு மாவட்டத்தில் நிபா உறுதியானபோதும், சுகாதாரத் துறை வந்து பயணியரின் உடல்வெப்பத்தைப் பார்த்தது. ஒரு துறை நான்காம் வேற்றுமைக்கு. மற்றொரு துறை மூன்றாம் வேற்றுமைக்கு. வண்டி கழுவப்பட்டது; கூண்டை ஏற்றி இறக்கியவரிடம் காய்ச்சல் உண்டா என்று கேட்பது எவருடைய முறைப்பட்ட கடமையாகவும் இல்லை. பறவைகளைக் கொல்லும் அரசுக் குழுவினருக்குப் பாதுகாப்பு உடையும் தடுப்பு மருந்தும் விதிமுறையில் உண்டு. கோழிக்கடையில் அறுப்பவர், லாரியில் சுமைதூக்குபவர், மந்தையோடு வயலில் உறங்கும் வாத்து மேய்ப்பவர், புறக்கடையில் நான்கு கோழி வளர்க்கும் பெண் ஆகியோர் அந்த விதிமுறைக்கு வெளியே நிற்கின்றனர்.

அவர்களில் கணிசமானோர் கேரளத்துக்குள் வாழும் தமிழர். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே தொடர்புகொள்ள இடமளிக்கிறது. அந்த உரிமையின் மறுபக்கமாக, நோய்க்கால அறிவிப்பும் அவர்கள் மொழியில் அவர்களைச் சென்றடைய வேண்டும். மொழிபெயர்த்த தலைப்பு மட்டும் போதாது. தொகையை விரித்துச் சொல்ல வேண்டும். இது முதலில் பறவைக்கு வரும் நோய். நோயுற்ற பறவையைத் தொடுவோருக்கு அரிதாக வரலாம். வந்தால் கடுமையாக இருக்கலாம். நன்கு வெந்த முட்டையாலும் இறைச்சியாலும் வராது. சோர்ந்த கோழியை அறுக்காமல் கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பறவைகள் மடிந்த இடத்தில் வேலை செய்தவர் காய்ச்சல் கண்டால் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. சொன்னதற்காக அவருடைய கூலியும் போகக் கூடாது.

கடைசி வரியைச் செயற்படுத்துவதே கடினம். இழப்பீட்டுப் பட்டியலில் வாத்துக்கு விலை உண்டு, முட்டைக்கும் விலை உண்டு. காய்ச்சல் என்று சொல்லி ஒருநாள் வேலையை இழக்கும் சுமைப்பணியாளருக்கு அதில் வரி இல்லை. அந்த வரி எழுதப்படாதவரை, எல்லையில் அடுத்த மனிதத் தொற்று தோன்றினால் அதை முதலில் அறியக்கூடியவர் வாய் திறக்கமாட்டார்.